உழவு இயந்திரப் பெட்டியில் மாடு ஏற்றலாமா? புளியங்குளத்தில் நான் கற்ற பாடம்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது வன்னிப் பக்கம் மாடு, ஆடு வாங்கப் போகும் சகோதரர்கள் என்னிடம் வழமையாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "லொறி வாடகை கட்டுப்படியாகவில்லை. ஊரில் சும்மா நிற்கிற உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினால் என்ன?" என்பதே அது. ஏற்றலாம். ஆனால் நெல் மூடை ஏற்றுகிற பெட்டியில் அப்படியே ஏற்ற முடியாது. அதற்கென்று சில மாற்றங்களைச் செய்துகொள்ள வேண்டும். அவை என்ன, எவ்வளவு பொருள் தேவை, எங்கே தவறு நடக்கும் என்பவற்றை என் அனுபவத்தில் இருந்து இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் என் நட்டக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடங்களுக்கு முன்னர் ஒரு பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்கையில், புளியங்குளத்துக்குக் கிழக்கே ஒரு பட்டிக்காரரிடம் ஏழு நாம்பன்கள் வாங்கினேன். ஏ-9 வீதிக்கு வரும் உள்வீதியில் லொறி வர மறுத்தது. பக்கப் பலகை இல்லாத தட்டைப் பெட்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, காட்டுத் தடிகளை நாலு பக்கமும் கட்டி, ஏழையும் நெருக்கி ஏற்றினோம். தகரத் தளம். சாணமும் மூத்திரமும் பட்டதும் அது எண்ணெய் பூசினது போல ஆகிவிட்டது. புளியங்குளம் சந்தியில் திரும்பும்போது ஒரு நாம்பன் சறுக்கி விழுந்தது. மற்றவை அதன் மேல் ஏறி மிதித்தன. தடி முறிந்து இன்னொன்றின் பின்னங்கால் வெளியே போய் முறிந்தது.

நொண்டும் பிராணி உழ்ஹிய்யாவுக்கு ஆகாது என்பது எல்லோரும் அறிந்ததே. தெளிவாகத் தெரியும் குருடு, நோய், நொண்டி, எலும்பும் தோலுமான மெலிவு ஆகிய நான்கும் ஹதீஸில் விலக்கப்பட்டவை. பங்குக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்த மாடு ஒன்று கையை விட்டுப் போனது. மிதிபட்டதும் எழும்பி நடக்க நாளாயிற்று. ஏழு மாட்டில் இரண்டு மாட்டின் முதல் போனது. மிச்ச ஐந்தின் இலாபம் அதை மூடப் போதவில்லை.

பணத்தை விடப் பெரிய நட்டம் வேறொன்று. விற்ற ஐயா தன் சைக்கிளில் எங்களுக்குப் பின்னாலேயே சந்தி வரை வந்திருந்தார். "நானா, காசு தந்தீங்கள், அது சரி. ஆனா அந்தக் கண்டை நான் கையால தண்ணி காட்டி வளர்த்தனான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வருடம் அவர் எனக்கு விற்கவில்லை. அவருடைய உறவினர் இருவரும் விற்கவில்லை. கால்நடை வியாபாரத்தில் நாம் வாங்குவது பெரும்பாலும் அயல் சமூகத்து விவசாயியிடம். அவர் கண் முன்னால் மாட்டை எப்படி ஏற்றுகிறோம் என்பதும் எமது நாணயத்தின் ஒரு பகுதிதான்.

ஏன் பெட்டி?

புளியங்குளம் ஏ-9 வீதியில் வவுனியாவுக்கு வடக்கே இருபது சொச்சம் கிலோமீற்றரில் உள்ளது. அங்கிருந்து ஒரு வீதி கிழக்கே நெடுங்கேணிக்குப் பிரிந்து முல்லைத்தீவுப் பக்கம் போகிறது. மாடு இருப்பது பிரதான வீதியில் அல்ல. குளக்கட்டுக்கு அப்பால், வயல் ஓரங்களில், காட்டு விளிம்பில் உள்ள பட்டிகளில். மழை பெய்தால் கன்டர் லொறி அங்கே போகாது. பட்டா வாகனத்தில் ஆடு ஏற்றலாம். பெரிய மாட்டுக்கு அதன் உயரமும் அகலமும் போதாது. உழவு இயந்திரம் எங்கும் போகும். காலபோக அறுவடை முடிந்த பின் அது பல நாட்கள் சும்மா நிற்கும். ஆகவே பட்டியிலிருந்து வீதி வரைக்குமான, அல்லது வவுனியா வரைக்குமான குறுந்தூரப் பயணத்துக்குப் பெட்டி பொருத்தமானது. அதற்கு மேல் தூரம் என்றால் லொறிதான் சரி. பெட்டிக்கு வில் கிடையாது, பெரும்பாலும் பிறேக்கும் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

எத்தனை மாடு?

வழமையான பெட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம். அதாவது 60 சதுர அடி. பெரிய மாடு ஒன்றுக்கு 1 முதல் 1.4 சதுர மீற்றர் வரை இடம் வேண்டும் என்பது உலக உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டல். சதுர அடியில் சொன்னால் ஏறத்தாழ 11 முதல் 15. எங்கள் வன்னி நாட்டு மாடு சிறியது. 200, 250 கிலோ தான் வரும். அதற்குப் பத்துச் சதுர அடி வைத்தால் ஆறு மாடு. சாஹிவால் கலப்பு என்றால் நாலு. ஆட்டுக்கு நாலு சதுர அடி வைத்தால் பதினைந்து.

"இன்னும் ஒன்று பிடிக்கும்" என்று தோன்றும். நான் ஏழாவதை ஏற்றியது அப்படித்தான். நெருக்கினால் விழாது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் நெருக்கத்தில் விழுந்த மாடு மீண்டும் எழும்ப முடியாது. அதே சமயம், பெட்டி முழுக்க இரண்டே இரண்டு மாட்டை விட்டாலும் பிழை. திருப்பத்திலும் நிறுத்தும்போதும் அவை அங்கும் இங்கும் எறியப்படும். அதற்குத்தான் நடுத்தடுப்பு வேண்டும்.

கூடு அமைக்கும் முறை

பெட்டியோடு நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டாம். பெட்டிக்குத் தனிப் பதிவு உண்டு. அதன் உடலமைப்பை நிரந்தரமாக மாற்றினால் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் கேள்வி வரும். அத்துடன் அறுவடைக் காலத்தில் பெட்டிச் சொந்தக்காரருக்குத் தட்டைத் தளம் திரும்ப வேண்டும். ஆகவே கழற்றிப் பூட்டக்கூடிய கூடு தான் நல்லது. தளத்தின் ஓரங்களில் 6 அங்குல ஆழமான குழாய்க் குழிகளைச் சட்டத்தோடு ஒட்டி, அதற்குள் தூண்களை இறக்கி, குறுக்கே ஒரு போல்ட் போட வேண்டும்.

என் கூட்டின் கணக்கு இது. தூண்களுக்கு 2 அங்குல ஜி.ஐ. பைப். ஒவ்வொரு நீளப் பக்கத்துக்கும் நாலு, முன்பக்க நடுவில் ஒன்று, ஆக ஒன்பது தூண்கள். ஒவ்வொன்றும் ஐந்தரை அடி. அரை அடி குழிக்குள், ஐந்து அடி தளத்துக்கு மேலே. 20 அடிப் பைப் ஒன்றில் மூன்று தூண் வெட்டலாம். ஆகவே மூன்று பைப் போதும்.

குறுக்குக் கம்பிகளுக்கு ஒன்றரை அங்குலப் பைப். தளத்திலிருந்து 2 அடி வரை பலகை அல்லது தகடு கொண்டு முழுதாக அடைக்க வேண்டும். அதற்கு மேல் 9 அங்குலத்துக்கு ஒன்றாக நாலு கம்பிகள். இரண்டு பக்கத்துக்கும் நாலு பைப், முன்பக்கம், பின்கதவு, நடுத்தடுப்பு மூன்றுக்கும் நாலு பைப், கதவுக்கும் தடுப்புக்கும் நிலைக்கால் வெட்ட ஒன்று. மொத்தம் ஒன்பது. கீழ் அடைப்புக்கு 8 அடிக்கு 4 அடித் தகடு என்றால் மூன்று. வைரமான பாலைப் பலகை கிடைத்தால் அது இன்னும் நல்லது. வெயிலில் தகடு போலச் சுடாது, கால் பட்டால் வெட்டாது. இரும்பு விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு இங்கே எழுதவில்லை. இந்த அளவுகளை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள்.

வெல்டிங் பாஸிடம் இரண்டு விடயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று, கம்பியும் பலகையும் தூணின் உட்பக்கத்தில் வர வேண்டும். வெளிப்பக்கத்தில் ஒட்டினால் மாடு சாயும் பாரம் முழுதும் வெல்டிங்கில் விழும். ஒரு நாள் பிய்ந்துவிடும். உட்பக்கம் என்றால் பாரத்தைத் தூண் தாங்கும். இரண்டு, உள்ளே எந்த முனையும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. போல்ட் தலை, கம்பி நுனி, வெல்டிங் பொட்டு எல்லாம் அரைத்து மழுப்ப வேண்டும். கையால் தடவிப் பாருங்கள். உங்கள் கை கீறினால் மாட்டின் தோலும் கீறும்.

கீழே 2 அடி ஏன் முழுதாக அடைக்கிறோம்? கால் வெளியே போகாமல் இருக்கத்தான். என் மாட்டின் கால் முறிந்தது அந்த இடைவெளியில்தான். நடுத்தடுப்பு இரண்டு மூன்று இடத்தில் பூட்டக்கூடியதாக இருந்தால், நாம்பனையும் பசுவையும், மாட்டையும் ஆட்டையும் பிரிக்கலாம்.

தளம்தான் உயிர்

கூடு எவ்வளவு பலமாக இருந்தாலும் தளம் வழுக்கினால் பயனில்லை. தகரத் தளத்தின் மேல் 10 மில்லிமீற்றர்க் கம்பியை எட்டு அங்குலச் சதுரங்களாக ஒட்டுவதே நிரந்தரமான வழி. குளம்பு கம்பியில் ஊன்றி நிற்கும். பலகைத் தளம் என்றால் குறுக்கே ஓர் அங்குலச் சட்டங்களை அடிக்கலாம். பலகைகளுக்கு இடையே குளம்பு இறங்கும் வெடிப்பு இருக்கக் கூடாது. இதன் மேல் ஆற்று மணல் மெல்லிதாகவும் அதற்கு மேல் வைக்கோலும் பரப்ப வேண்டும். வைக்கோல் மட்டும் போட்டால் அதுவும் நனைந்து சறுக்கும். கழிவு நீர் வடிய, பின் மூலைகள் இரண்டிலும் சிறு துளை போதும்.

ஏற்றுதலும் இறக்குதலும்

கால்நடை காயப்படுவது ஓட்டத்தில் மட்டுமல்ல. ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் வாலை முறுக்குவதும் தடியால் குத்துவதும் நடக்கிறது. மாடு பிடிவாதத்தால் ஏறாமல் நிற்பதில்லை, பயத்தால் நிற்கிறது. அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் என்ற விலங்கியல் பேராசிரியை இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், காற்றில் ஆடும் துணி, திடீரென இருட்டான வாசல் போன்ற சிறு விடயங்களே மாட்டை மறிக்கின்றன என்று அவர் காட்டினார். நாங்கள் செய்து பார்த்தோம். பின்கதவில் தொங்கிய சாக்கைக் கழற்றியதும் அரை மணித்தியாலமாக நின்ற மாடு தானாக ஏறியது.

ஏறுபலகையின் சரிவு முக்கியம். பெட்டித் தளம் 3 அடி உயரம் என்றால், 9 அடிப் பலகை வைத்தால் சரிவு 20 பாகைக்குள் வரும். 7 அடி என்றால் 25 பாகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005 ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதியில் கன்றுக்கு 20 பாகையும் பெரிய மாட்டுக்கு 26 பாகையுமே உச்சம். ஆகவே 9 அடி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்து, இரு பக்கமும் அடைப்புக் கட்ட வேண்டும்.

இதை விட மலிவான வழி ஒன்றை அந்தப் பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவரே எனக்குக் காட்டினார். பட்டி வாசலில் பனங்குற்றிகளை அடுக்கி, 3 அடி உயரத்துக்கு மண் நிரப்பிச் சரிவாக ஒரு மேடை. பெட்டியைப் பின்னால் கொண்டுபோய் மேடையோடு ஒட்டினால் மாடு நடந்தே உள்ளே போகும். ஒரு நாள் வேலை, பல வருடப் பயன். வழமையாக வாங்கும் பட்டிகளில் இதற்கு நீங்களே உதவி செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இரண்டு சில்லுப் பெட்டியை உழவு இயந்திரத்தில் பூட்டாமல் ஒருபோதும் ஏற்ற வேண்டாம். முதல் மாடு பின்பக்கம் கால் வைத்ததும் முன்பக்கம் மேலே கிளம்பிவிடும். பூட்டியிருந்தாலும் அதே விசை இணைப்புப் பின்னை மேலே தூக்கும். ஆகவே பின்னுக்குக் கட்டாயம் பூட்டுக் கம்பி போட வேண்டும். சில்லுக்குக் கல் அணையுங்கள். பெரிய மாடுகளை முன் பாதியில் நிறுத்துங்கள். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருந்தால்தான் இயந்திரத்தின் பின் சில்லுகள் நிலத்தைப் பிடிக்கும்.

மூக்கணாங்கயிற்றில் கட்ட வேண்டாம். ஒரு குலுக்கலில் மூக்குக் கிழியும். தலைக்கயிற்றில், தலையை இயல்பாகத் தாழ்த்தி உயர்த்தும் அளவுக்கு விட்டு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுங்கள். கால்களைக் கட்டிக் கிடத்தி ஏற்றுவது கொடுமை மட்டுமல்ல, 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டத்தில் சிக்கவைக்கும் வேலையுமாகும்.

வீதியில்

சுபஹுக்குப் பின் விடிந்ததும் புறப்படுவதே உத்தமம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வன்னி வெயில் பத்து மணிக்கே தாங்காது. மேலே கூரை போடுவதானால் மாட்டின் தலைக்கு மேல் நன்கு இடைவெளி விட்டுக் கிடுகு போடலாம். கறுப்புத் தரப்பாளைத் தாழக் கட்டினால் உள்ளே அடுப்பாகிவிடும். புறப்பட முன் தண்ணீர் காட்டுங்கள். வயிறு நிறையப் பச்சைப் புல் கொடுக்க வேண்டாம்.

வேகம் மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர். நெல் மூடை அசையாது; மாடு அசையும். அதன் பாரம் உயரத்தில் இருப்பதால் குளக்கட்டு வளைவில் வேகமாகத் திரும்பினால் பெட்டி சரியும். ஆறு நாட்டு மாடும் கூடும் சேர்ந்து 1,700 கிலோவுக்கு மேல் வரும். பிறேக் இல்லாத பெட்டியில் அவ்வளவு பாரமும் உங்களைப் பின்னாலிருந்து தள்ளும். ஆகவே தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். முதல் கால் மணித்தியாலத்தில் நிறுத்தி, எல்லாம் நிற்கின்றனவா என்று பாருங்கள். விழுந்தது இருந்தால் பக்கத்து மாட்டை அவிழ்த்து இடம் கொடுத்து எழுப்ப வேண்டும். உதவியாளரை மாடுகளுக்கு நடுவில் நிற்க விட வேண்டாம். ஏ-9 இல் வேக வாகனங்கள் ஓடுவதால் பின்பக்கம் சிவப்புப் பிரதிபலிப்பான் கட்டாயம்.

கடிதங்கள்

இதில் அலட்சியம் செய்து பொலிஸில் நின்ற வியாபாரிகளை நான் அறிவேன். 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ், மாட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். அத்துடன் மாட்டின் உரிமைச் சீட்டு, கால்நடை வைத்திய அதிகாரியின் சுகாதாரச் சான்று ஆகியவற்றையும் கையில் வைத்திருங்கள். அனுமதியில் உள்ள வாகன இலக்கம், மாட்டின் எண்ணிக்கை, குறி, நிறம், பாதை, நேரம் எல்லாம் பொருந்த வேண்டும். பெட்டியின் இலக்கமும் இயந்திரத்தின் இலக்கமும் வேறு வேறு என்பதால் இரண்டையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

வன்னியில் உரிமைச் சீட்டு விடயம் மற்ற இடங்களை விட நுணுக்கமானது. 2009 இல் முடிந்த யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் மக்கள் பட்டிகளை விட்டுவிட்டு இடம்பெயர்ந்தனர். உரியவர் இல்லாமல் மாடுகள் காட்டிலும் வயலிலும் திரிந்தன. மீளக்குடியேறிய பின் "இது என் குறி" என்ற வழக்குகள் பல கிளம்பின. இன்றும் கட்டாக்காலி மாடு களவாக விற்கப்படுவதுண்டு. குறியும் சீட்டும் பொருந்தாத மாட்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொட வேண்டாம். அது இன்னொருவரின் ஹக்கு.

நோய்க் காலத்தில் அனுமதி நிறுத்தப்படும். 2020 இல் வடக்கில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியபோது கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடு வந்தது. முற்பணம் கொடுக்க முன் கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு பயணத்தின் பின்னும் பெட்டியைச் சாணம் போகக் கழுவி, 10 லீற்றர் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடா கரைத்து ஊற்றிக் காய விடுங்கள். கால் வாய் நோய்க் கிருமிக்கு அது நல்ல மருந்து. இல்லாவிட்டால் ஒரு பட்டியின் நோயை அடுத்த பட்டிக்கு நாமே வாடகை வாங்காமல் ஏற்றிச் செல்வோம்.

இலாபம் எங்கே?

"இவ்வளவு செலவு செய்து என்ன மிச்சம்?" என்று கேட்கலாம். நீண்ட பயணத்தில் மாடு உடல் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை இழக்கும். பயந்து களைத்த மாட்டின் தசையில் உள்ள சர்க்கரை தீர்ந்துவிடுவதால் இறைச்சி கறுத்து, காய்ந்து, விரைவில் பழுதாகும். கன்றல் விழுந்த இடத்தை வெட்டி எறிய வேண்டும். இறைச்சிக் கடைக்காரர்களுக்கு இது தெரியும். காரணம்தான் பலருக்குத் தெரியாது. உழ்ஹிய்யா மாட்டிலோ பாதி நட்டம் என்பதே இல்லை. நொண்டினால் முழு மாடும் கணக்கில் இல்லை.

என் கூட்டுக்கான செலவு, அந்தப் பெருநாளில் நான் இழந்த இரண்டு மாட்டின் விலையை விடக் குறைவு. அது இரண்டாவது பெருநாளிலேயே திரும்பி வந்துவிட்டது. மற்ற மாதங்களில் பசு வாங்குவோர், ஆடு வளர்ப்போர் கூட்டை வாடகைக்குக் கேட்கின்றனர். ஒரு கிராமத்தில் மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரு கூட்டைச் செய்து மாறி மாறிப் பாவிக்கலாம்.

எனக்கு விற்பதை நிறுத்திய ஐயாவிடம் மூன்று வருடம் கழித்து மீண்டும் போனேன். கூட்டைச் சுற்றிப் பார்த்தார். தளத்துக் கம்பியைக் காலால் தட்டிப் பார்த்தார். "எத்தனை ஏத்துவியள் நானா?" என்று கேட்டார். "ஆறு ஐயா. அதுக்கு மேல இல்லை" என்றேன். அன்று நாலு மாடு தந்தார். நாலும் நின்றபடியே வவுனியா வந்து சேர்ந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்னரே கூட்டைச் செய்யக் கொடுங்கள். கடைசி வாரத்தில் வெல்டிங் பாஸும் கிடைக்க மாட்டார், நல்ல பைப்பும் கிடைக்காது.